ஸ்பட், சிப்ஸ், எட்டி என்கிற நெவில் டாட்டர்சால்

1

இந்தக் கதை ஒரு உருளைக்கிழங்கிலிருந்து பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். இல்லை.

ஆல்டர்ஷா டவுன் கால்பந்து கிளப்பின் தேநீர்க் கடை என்னுடையது. கடை என்றால் தகரக் கூண்டு. முன்பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் கடை, இறக்கிவிட்டால் வெறும் கொட்டகை. மகன் இங்கே பொடியன்கள் அணியில் ஆடிய காலத்தில், 'ஒரே ஒரு வாரம் ஒத்தாசைக்கு' என்று உள்ளே போனேன். மகனுக்கு இப்போது முன்வழுக்கை விழுந்துவிட்டது. நான் இன்னும் வெளியே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, இடைவேளை நேரம். எதிரணி ஊர்க்காரர் ஒருவர் பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஸ்பட் உண்டா, கண்ணு?"

ஸ்பட் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் உருளைக்கிழங்கு. கேட்டது ஆளையா கிழங்கையா என்று ஆங்கிலத்தில் தெரியாது. 'இருக்கானா', 'இருக்கா' என்று பிரித்துச் சொல்லும் பாக்கியம் அந்த மொழிக்கு இல்லை. அதனால் வந்த வினை.

"தீந்துபோச்சு. இறைச்சி பை மட்டும்தான் இருக்கு" என்றேன். பை என்றால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், தூக்கிப்போகிற பை இல்லை.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவரின் தேநீர் கொட்டியது. "தீரலைம்மா. அந்தா நிக்கிறான் பாரு" என்று மைதானத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே எங்கள் பயிற்சியாளர் நெவில் டாட்டர்சால், மழையில் தொப்பி இல்லாமல், யாரையோ பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூண்டுக்குள் திரும்பி வந்து கெண்டியில் தண்ணீர் ஊற்றும்போதே தெரிந்துவிட்டது, இதில் கதை இருக்கிறது என்று. எழுத உட்கார்ந்ததும் கதை எழுந்து போய்விட்டது.

[ஓரக்குறிப்பு: அந்த மனிதர் என்னை அழைத்த சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'அன்பே' என்று வரும். இந்த ஊரில் பேருந்து ஓட்டுநர், பல் டாக்டர், போலீஸ்காரர் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். அப்படியே எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அதனால் 'கண்ணு' என்று போட்டிருக்கிறேன். கதை முழுக்க அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'நெவில் டாட்டர்சால் பிறந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது.'

இங்கிலாந்தின் இந்த லங்காஷயர் வட்டாரத்தில் யார் பிறந்தாலும் மழைதான் பெய்யும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஒன்பது ஊர்கள். ஏழு கோல்கள். அவற்றில் நான்கு, தன் சொந்த வலையில்—'

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்படித் தொடங்கினால் தோற்றுப்போனவன் கதை என்று நினைத்து நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். நெவில் அழுமூஞ்சி இல்லை. ஏழாவது ஊரில் அணியை விட்டு அனுப்பிய அன்று, அனுப்பியவருக்கே பாவமாக இருக்குமே என்று அவரைச் சாராயக் கடைக்குக் கூட்டிப்போய் ஆறுதல் சொன்ன ஆள்.

மூன்றாவது: 'அன்று காலை அவன்—'

அவனா, அவரா? இங்கேதான் இரண்டு வாரம் சிக்கிக்கொண்டேன். இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பிரபுவுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே சொல். தமிழில் எழுதுகிறவள் முதல் வரியிலேயே ஒருவருக்கு மரியாதை தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. யோசித்து ஒரு சமரசத்துக்கு வந்தேன். காலில் பந்து இருந்த காலத்தில் 'அவன்', பயிற்சியாளர் ஆன பிறகு 'அவர்'. ஒரே ஆள்தான், குழம்பாதீர்கள்.

3

அவன் தடுப்பாட்டக்காரன். அந்த வேலையைச் சரியாகச் செய்தால் ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள், ஒருமுறை தப்பினால் ஊரே கவனிக்கும். கீழ்மட்டப் பிரிவுகளில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு கிளப்பில் இரண்டு பருவம், அடுத்ததில் ஒன்று, இன்னொன்றில் காயம் பட்ட யாருக்காவது பதிலாகச் சில மாதம். வாடகை வீடு, அட்டைப்பெட்டிகள், புதிய ஊரின் பால்காரர். பெரிய மைதானங்களை அவன் பார்த்திருக்கிறான், டிக்கெட் வாங்கி.

இங்கே ஆட்டக்காரனை யாரும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. உடைமாற்றும் அறைக்குள் நுழைந்த அரைமணிக்குள் ஒரு பட்டப்பெயர் விழும். அது விழாவிட்டால்தான் பயப்படவேண்டும், உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். டாட்டர்சால் என்ற பெயரைச் சுருக்கினால் 'டேட்டர்'. இந்த வட்டாரத்தில் டேட்டர் என்றாலும் உருளைக்கிழங்குதான். முதல் ஊரில் அவன் டேட்டர். இரண்டாவது ஊரில் ஸ்பட். அடுத்த ஊரில் ஏற்கெனவே ஒரு ஸ்பட் இருந்ததால் இவன் மேஷ், அதாவது மசியல். நான்காவது ஊரான தார்ல்பியில் சிப்ஸ். ஐந்தாவதான வென்ஸ்கோட்டில் கொஞ்சம் படித்த கூட்டம். உருளைக்கிழங்கில் 'கிங் எட்வர்ட்' என்று ஒரு ரகம் இருக்கிறதே, அதிலிருந்து 'எட்டி' என்று வைத்தார்கள். அவன் இயற்பெயரே எட்வர்ட் என்று நம்பியவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து 'எட்டிக்கும் கிளெண்டாவுக்கும்' என்றுதான் வரும்.

(தமிழில் எட்டி உதைக்கிறவன் என்று பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. நெவிலிடம் விளக்கிச் சொன்னேன். "உங்க ஊர்க்காரங்க என் ஆட்டத்தைப் பாத்திருக்காங்க போலிருக்கே, ஷிவ்" என்றார். என் பெயர் சிவகாமசுந்தரி. என்னையும் விட்டுவைக்கவில்லை.)

இப்போது ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மைதானங்களில், பந்து மேலேயிருந்து இறங்கும்போது 'என்னுது!' என்று கத்தக்கூடாது. எதிராளியை ஏமாற்றக் கத்தியதாக நடுவர் விசில் ஊதிவிடுவார். பெயர் சொல்லித்தான் கத்த வேண்டும். 'டாம் எடுக்கிறான்!' என்று டாமே கத்துவான். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியே இல்லை என்கிறார்கள். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஆறு வயதிலிருந்து ஊதப்பட்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

வென்ஸ்கோட்டில் அவனுடைய முதல் ஆட்டம். எட்டி என்று பெயர் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உயரமாக ஒரு பந்து, காற்றில் தள்ளாடிக்கொண்டு பெனால்ட்டி எல்லைக்குள் இறங்குகிறது. சுகமான பந்து. அவன் கண்ணை அதன்மேல் வைத்து, பின்னால் நடந்து, வாய் நிறையக் கத்தினான்.

"சிப்ஸ்!"

இரண்டு வருஷப் பழக்கம். நாக்கு தார்ல்பியிலேயே தங்கிவிட்டது. கோல் கீப்பருக்கோ சிப்ஸ் என்று யாரையும் தெரியாது. எதிரணிக்காரன் குரல் என்று நினைத்து அவன் பாய்ந்து வந்தான். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து நெவிலின் முதுகில் பட்டு, யாருக்கும் தொந்தரவு தராமல், தன் பாட்டுக்கு உருண்டு வலைக்குள் போனது.

சொந்த மைதானத்தில் நடந்த அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் அவன்மேல் வறுத்த உருளைக்கிழங்கை எறிந்தார்கள். கோபத்தில் இல்லை, பாசத்தில். வினிகர்கூடப் போட்டிருந்தார்கள். அவன் ஒன்றை எடுத்துத் தின்றான். அன்றிலிருந்து அந்த ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு பருவம் முடிந்ததும் கீழே இறக்கி வைத்து அனுப்பியும் விட்டது.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் நெவில் ரொம்ப நல்லவராக இருக்கிறார். எறிந்த கிழங்கைத் தின்கிறார், தன்னை அனுப்பியவருக்கு ஆறுதல் சொல்கிறார். கதாபாத்திரம் இவ்வளவு இனித்தால் வாசகருக்குத் திகட்டும். எனவே கசப்பு தேடி அவர் மனைவி கிளெண்டாவிடம் போனேன். கிளெண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், உப்பு குறைவாகப் போட்டுப் பேசத் தெரியாதவள்.

"நல்லவன்னு எழுதிடாத, ஷிவ்" என்றாள். "ஒன்பது ஊரு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள்ள வந்து, 'கிளென், உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்'னு சொல்லுவான். எனக்கு என்ன ஆச்சரியம்? அட்டைப்பெட்டி எடுத்துட்டு வரப் போயிடுவேன்."

"கோவம் வராதா?"

"வரும். பெட்டி கட்டறதுக்குள்ள தீந்துரும். அவ்ளோ சாமான்." துண்டை எடுத்துக் கை துடைத்தாள். "இந்தத் தடவை கட்டமாட்டேன். சொல்லிட்டேன் அவன்கிட்ட. இந்த ஊரு எனக்கு வேணும்."

"ஆல்டர்ஷாவா? என்ன இருக்கு இங்க?"

"பக்கத்து வீட்டு மாவிஸ்ஸோட சண்டை."

வேலிச் செடியைக் கிளெண்டா அளவுக்கு மேல் வெட்டிவிட்டதாக மாவிஸ்ஸுக்குக் கோபம், பேச்சுவார்த்தை இல்லையாம். இதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட அவகாசம் கிடைத்ததில்லையாம். சிரித்துப் பேசி முடிப்பதற்குள் வண்டி வந்துவிடும்.

"இதுதான் என் முதல் சண்டை, ஷிவ். இன்னும் சமாதானம் ஆகணும். அப்பறம் மறுபடி சண்டை வரணும். அதுக்கெல்லாம் வருஷம் ஆகும்ல?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆக, இதுதான் விஷயம். பிப்ரவரியில் எங்கள் பழைய பயிற்சியாளர் வேறு கிளப்புக்குப் போய்விட, துணையாக இருந்த நெவிலைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பருவ முடிவில் அடியில் இருக்கும் அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கிளப் தலைவர் ஹோரஸ் பில்லிங் கார்பெட் கடைக்காரர். கால்பந்து அவருக்குப் புதிது, கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் தலைவர் ஆனவர். அவர் நெவிலிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"பிரிவை விட்டுக் கீழ இறங்காம காப்பாத்து. வேலை உனக்குத்தான். இறங்கிட்டோம்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, கமிட்டி வேற ஆளைப் பாத்து வச்சிருக்கு."

"சரிங்க, ஹோரஸ்" என்றார் நெவில்.

[ஓரக்குறிப்பு: தலைவர் 'நீ' என்பதும் நெவில் 'சரிங்க' என்பதும் என் கைவேலை. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். ஆனால் ஒருவர் கையில் இன்னொருவரின் வீடு இருக்கும்போது, மொழி சொல்லாவிட்டாலும் அது காதில் விழுகிறது.]

5

பயிற்சி பற்றி ஒரு நீளமான பகுதி எழுதியிருந்தேன். கூம்புகள், ஓட்டம், பலகையில் அம்புக்குறிகள். படித்த என் மகன், 'அம்மா, இது ஓட்டுநர் உரிமத் தேர்வுக் கையேடு மாதிரி இருக்கு' என்றான். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மாலையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தலைமை ஏற்ற முதல் பயிற்சி நாள். நெவில் எல்லோரையும் நடுவட்டத்தில் உட்கார வைத்தார்.

"நாம வாங்கற கோல்ல பாதி, யாரு பந்துன்னு தெரியாம வாங்கறது. இனிமே பட்டப்பேரு கிடையாது. சத்தத்துல பட்டப்பேரு காதுல ஏறாது. எனக்குத் தெரியும், என் முதுகுக்கும் தெரியும். ஒவ்வொருத்தனும் சொல்லுங்க. சின்ன வயசுல தெருவுல ஆடிட்டிருக்கும்போது, சாப்பிட வாடான்னு உங்கம்மா என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

எல்லோரும் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

"அந்தப் பேருக்குத்தான் நீ யோசிக்காம திரும்புவ. தூக்கத்துலகூடத் திரும்புவ. மைதானத்துல அதைத்தான் கத்தணும். அதைக் கேட்டா மத்தவன் அப்படியே நிக்கணும். சொல்லு, ஜுனைத்."

வலது ஓரத்தில் ஆடும் ஜுனைத் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜுன்னு" என்றான்.

"அழகான பேரு. கீப்பர்?"

"கால்லம் ஜேம்ஸ்."

"அது முழுப்பேருல்ல?"

"எங்கம்மா எப்பவும் கோவமாத்தான் கூப்பிடுவாங்க, பாஸ்."

சிரிப்பு கிளம்பியது. அடுத்து ப்ராட்லி. எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரன், ஆறடி நாலங்குலம், கூரை வேய்கிற வேலை, மூக்கு இரண்டு முறை உடைந்தது. எல்லோரும் அவனை 'டேங்க்' என்பார்கள்.

"சொல்லு, ப்ராட்லி."

"ப்ராட்லிதான், பாஸ்."

"பொய் சொல்ற."

"சத்தியமா."

"உங்கம்மா டோரீனுக்கு ஃபோன் போடவா?"

ப்ராட்லியின் காதுகள் சிவந்தன. ஏதோ முணுமுணுத்தான். கேட்கவில்லை என்றார்கள். மறுபடி முணுமுணுத்தான். கடைசியில் எழுந்து நின்று மைதானம் அதிரக் கத்தினான்.

"பூக்கண்ணு! போதுமாடா?"

ஒருவன் புல்லில் உருண்டான். இருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். நெவில் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லது. உயரப் பந்து உள்ள வந்தா எனக்கு ரெண்டுல ஒண்ணு கேக்கணும். கால்லம் ஜேம்ஸ், இல்லைன்னா பூக்கண்ணு. பேரு கேட்டதும் மத்தவன் கல்லு மாதிரி நிக்கணும்" என்றார்.

(பூக்கண்ணு என்பது ஓர் ஆங்கிலச் செல்லச் சொல்லுக்கு நான் போட்ட தமிழ்.) கேலி ஒரு வாரம் ஓடியது. பிறகு கோல் வாங்குவது குறைந்தது, கேலியும் குறைந்தது. கூரை வேய்கிற ராட்சசன் ஒருவன் 'பூக்கண்ணு!' என்று உறுமிக்கொண்டு பந்தை நோக்கி எழும்புவதைப் பார்த்து எதிரணி முன்னாட்டக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே யாராலும் தலையால் முட்ட முடியாது. மார்ச் மாதம் முழுக்க நாங்கள் தோற்கவில்லை.

6

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. கிரிம்ஷா அணியோடு கடைசி ஆட்டம். சமன் ஆனால் போதும், தப்பித்தோம். தோற்றால் இறங்கினோம்.

ஆட்டத்தை முழுவதும் எழுதமாட்டேன். முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். பைகள் விற்கவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்காது. இரண்டாம் பாதியில் ஜுன்னு ஒன்று போட்டான். அடுத்த ஐந்து நிமிடத்தில் பைகள் எல்லாம் தீர்ந்துபோயின. நானும் கூண்டைப் பூட்டிவிட்டு வேலியோரம் வந்து நின்றேன். ஒரு பக்கம் கிளெண்டா. அவளுக்கு அந்தப் பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத மாவிஸ், டிக்கெட் வாங்கி வந்து, அவளைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு ப்ராட்லியின் அம்மா டோரீனும் வந்திருந்தாள். மகன் அடிபடுவதைப் பார்க்க முடியாது என்று ஆட்டத்துக்கே வராதவள், கடைசி ஆட்டமாயிற்றே என்று வந்து முன்வரிசையில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். கிரிம்ஷா பக்கமிருந்து உயரமாக ஒரு பந்து எங்கள் எல்லைக்குள் வந்தது. ப்ராட்லி பந்துக்கு அடியில் நின்றான். கால்லம் கோலை விட்டு வெளியே வந்தான். வாயைத் திறந்து தன் பெயரைக் கத்தப் போனான். அதே சமயம் கிரிம்ஷாவின் முன்னாட்டக்காரன் முழங்கையைத் தூக்கிக்கொண்டு ப்ராட்லியை நோக்கி ஓடி வந்தான்.

டோரீன் முழுக்கண்ணையும் திறந்தாள்.

"பூக்கண்ணு! பாத்துடா!"

பெயர் கேட்டது. கால்லம், சொல்லிக்கொடுத்தபடியே, கல் மாதிரி நின்றான். ப்ராட்லி, அம்மா கூப்பிட்டதால், திரும்பிப் பார்த்தான். ஆட்டத்திலேயே மிக முக்கியமான பந்து, ஒருவரும் கவனிக்காமல், தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நின்ற நெவிலின் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பந்தை அவர் பார்த்திருக்கிறார். வென்ஸ்கோட்டில் அவர் முதுகில் பட்டது இதே பந்துதான். அப்போது வயது இருந்தது, தின்பதற்குக் கிழங்கு இருந்தது. இப்போது பின்னால் வேலியோரம் கிளெண்டா நிற்கிறாள். அவர் கத்தவில்லை. கத்த எந்தப் பெயர் இருக்கிறது? கையை மட்டும் வாய்மேல் வைத்துக்கொண்டார்.

பந்து அங்கேயே நிற்கட்டும். எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) கோல் விழுகிறது. அணி இறங்குகிறது. நெவில் வெற்று மைதானத்தில் கூம்புகளைப் பொறுக்குகிறார், ஒரு காகம் கத்து— இப்படி எழுதினால் கனமான இலக்கியம் என்பார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். கிளெண்டாவின் முகம் வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

(ஆ) ப்ராட்லி அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்துப் பந்தை வெளியே உதைக்கி— கூரை வேய்கிறவன், நாலு பை தின்பவன். அவனைக் குட்டிக்கரணம் அடிக்கவைக்க என் மனசாட்சி இடம் தரவில்லை.

(இ) நடந்தது. அம்மாவைப் பார்த்து, "என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ப்ராட்லியின் பின்மண்டையில் பந்து பொத்தென்று விழுந்து, எகிறி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெளியே போனது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார்.

ஆட்டம் முடிந்ததே ப்ராட்லிக்குத் தெரியாது. தலையைத் தடவிக்கொண்டு, "கூப்பிட்டியாம்மா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன்மேல் பத்துப்பேர் விழுந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் கிளெண்டா துள்ளிக்கொண்டு கிடைத்த ஆளைக் கட்டிப்பிடித்தாள். கிடைத்த ஆள் மாவிஸ். இருவரும் கொஞ்ச நேரம் குதித்துவிட்டு, யார் யார் என்று தெரிந்ததும் விலகி நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"வேலி இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்றாள் மாவிஸ்.

"அது உன் கண்ணு கோணல்" என்றாள் கிளெண்டா. இவ்வளவு சந்தோஷமாக யாரும் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.

7

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஹோரஸ் பில்லிங் என் கூண்டுக்கு முன்னால் ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறிவிட்டார். பாதி ஊர் அங்கே இருந்தது. நெவில் தேநீர்க் கோப்பையோடு முன்னால் நின்றார். சேறும் சிரிப்புமாக இருந்தது அவர் முகம்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் ஹோரஸ். குரல் தழுதழுத்தது. "நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். நெவில்மேல நம்ம கிளப்புக்கு முழு நம்பிக்கை இருக்கு!"

கூட்டம் அப்படியே உறைந்துபோனது. ஒரு கிழவர், சாவு வீட்டில் நிற்பதுபோல், தொப்பியைக் கழற்றினார்.

ஹோரஸுக்கு எப்படித் தெரியும்? இந்த நாட்டுக் கால்பந்தில், ஒரு பயிற்சியாளர்மேல் 'முழு நம்பிக்கை' இருப்பதாகத் தலைவர் சொன்னால், அவருடைய சீட்டு கிழிந்தது என்று அர்த்தம். திங்கட்கிழமை முழு நம்பிக்கை, வெள்ளிக்கிழமை வாசல். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எட்டாவது ஊரில் நெவில் துணைப் பயிற்சியாளராக இருந்தபோது இதே சொல்லைச் சொல்லித்தான் தலைமைப் பயிற்சியாளரையும் துணையையும் சேர்த்து அனுப்பினார்கள். கோப்பை பிடித்த அவர் கை மெல்ல இறங்கியது.

"ஐயோ ஹோரஸ், அதை மட்டும் சொல்லாதய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன்? என்ன தப்பாச் சொல்லிட்டேன்? எங்க கடையில கார்பெட் விரிக்கிற பையன்கிட்ட இதைச் சொன்னா வாயெல்லாம் பல்லா போவான்!"

பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் அவர் காதில் விஷயத்தைக் கிசுகிசுத்தார். ஹோரஸ் வெளிறிவிட்டார். "சரி, சரி, வாபஸ். நெவில் நம்ம நீண்டகாலத் திட்டத்துல—"

"அதுவும் அதேதான்!"

"நெவில் நம்ம குடும்பத்துல ஒருத்தர்—"

"அது அதைவிட மோசம்!"

கிளெண்டா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாவிஸ் தோளில் சாய்ந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் சிரித்தார், ஆனால் கண்ணை ஹோரஸ் மேலிருந்து எடுக்கவில்லை. ஹோரஸ் பால்பெட்டிமேல் நின்று தவித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வந்த நல்ல மனிதர். வாயைத் திறந்தால் வருகிற ஒவ்வொரு சொல்லும் யாரையோ வெளியே அனுப்பித் தேய்ந்துபோன சொல்லாக இருந்தது.

அவர் கடைசியில் ஒன்று சொன்னார். அதை ஆங்கிலத்தில் கேட்டேன். தமிழில் எழுத எனக்கு வரவில்லை. 'தங்கிவிடு' என்று போட்டேன், சத்திரக்காரர் பேசுவதுபோல் இருந்தது. 'இரு' என்று போட்டேன், பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்வதுபோல் இருந்தது. 'போயிட்டு வா' என்றும் வைத்துப் பார்த்தேன். நமக்கு அது போதும். நாம் விடைபெறும்போதே 'வரேன்' என்று சொல்கிற ஜாதி, பிரிவிலேயே வரவை வைத்திருக்கிறோம். ஆனால் எட்டு ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மனிதரின் காதில் 'போ' என்ற எழுத்து விழவே கூடாது.

அதனால் இந்த இடத்தை வெற்றாக விடுகிறேன்:

"நெவில், —————"

உங்கள் ஊரில், போய்விடுவாரோ என்று நீங்கள் பயப்படும் ஒருவரிடம் என்ன சொல்வீர்கள்? இதுவரை யாரையும் வெளியே அனுப்பப் பயன்படாத சொல்லாக இருக்கட்டும். அதை எடுத்து ஹோரஸ் வாயில் வையுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், கிளெண்டாவுக்கும் கேட்க வேண்டும்.